இருபத்தேழு மிருகங்களுக்கு மெத்தை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி சௌக்கியம். இந்த வாரம் நாலு பேரைக் கொன்றிருக்கிறேன், ஐந்தாவது ஆள் நாளை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. அதனால்தான் உன் பொங்கி வழியும் கடிதத்துக்குப் பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

தயாரிப்பாளர் கிடைத்துவிட்டார். குளியல் தொட்டியும் கழுவுதொட்டியும் விற்கிறவர். அவருடைய சரக்குக் கிடங்குதான் எங்கள் காடு. படத்தில் ஒருத்தனாவது அவர் கடைத் தொட்டியில் சாக வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. முதல் நாளே சாகடித்துவிட்டேன். மனிதர் குளிர்ந்துபோனார்.

கதை என்ன தெரியுமா? நீ என்னைத் தூங்கவைக்கச் சொல்வாயே, அந்த முள்ளம்பன்றித் தையல்காரர் கதைதான். நூறு வருஷத்துக் கதை, எழுதினவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால்தான் எங்களைப் போன்ற பஞ்சைகள் அதன்மேல் விழுகிறோம். குளிரில் நடுங்கும் மிருகங்களுக்காக முள்ளம்பன்றி தன் முதுகு முள்ளைப் பிடுங்கி ஊசியாக்கி மெத்தை தைக்கும். கடைசியில் முள்ளெல்லாம் தீர்ந்து அது வெறும் முதுகோடு நிற்கும்போது எல்லா மிருகங்களும் வந்து கட்டிக்கொள்ளும். குழந்தைகள் கேட்டு உருகுகிற கதை. என் கையில் மாட்டிக்கொண்டு சீரழிகிறது. என் முள்ளம்பன்றி ஆள் உயரம். தூங்குகிறவர்களை அப்படியே மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடும். நேற்று வேட்டைக்காரனுடைய கண்ணிமைகளைத் தைத்தோம். அவன் கத்தாமல் இருக்க முதலில் நாக்கை உதட்டோடு சேர்த்து ஒரு தையல். பார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் வெளியே போய் வாந்தி எடுத்தார். அதைவிடப் பெரிய பாராட்டு ஏது?

முள்ளம்பன்றியாக நடிப்பவனை நாங்கள் குண்டூசி என்று கூப்பிடுகிறோம். ஊசி மாதிரி உடம்பு. முந்நூறு விளக்குமாற்றுக் குச்சிகளைத் தைத்த தோலுக்குள் அவனை இறக்கித் தலையை மாட்டிவிட்டால் காது அடைத்துப்போகும். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அவன் கணுக்காலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். மறுமுனை என் கையில். ஒரு இழுப்பு இழுத்தால் நிறுத்த வேண்டும்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். நம் வீட்டில் இருந்த அந்தப் பழைய புத்தகம் உன்னிடம் இருக்கிறதா? முள்ளம்பன்றி பஞ்சு அடிக்கும் இடம்தான் என் படத்தின் உயிர். அது மூலக் கதையிலேயே உள்ளதா, பிறகு யாராவது சேர்த்ததா என்று தயாரிப்பாளரின் வக்கீல் கேட்கிறார். சேர்த்தவர் உயிரோடு இருந்தால் அவர் அனுமதி வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்தக் காட்சியை வெட்டச் சொல்வார். அதை வெட்டினால் படம் பிணம்.

இன்னொரு சந்தோஷச் செய்தி. படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி போடப் போகிறேன்: 'இந்தக் கதையை எனக்கு வாங்கித் தந்த அப்பாவுக்கு.' அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் காட்சிக்கு அழைத்துப் போய் ஆச்சரியப்படுத்த வேண்டும்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 17

என் அருமைப் பேய்ப்பட டைரக்டருக்கு,

அக்கா ஆசிகள் பல. நாலு கொலை செய்தவனுக்கு அக்காவுக்கு நாலு வரி எழுத ஒன்றரை மாதம் ஆகிறது. நல்ல பிழைப்பு.

நீ அனுப்பிய படங்களைத் துணி அறையில் எல்லோருக்கும் காட்டினேன். ஆஸ்பத்திரித் துணி அறைக்காரிகள் பயப்படுவார்கள் என்று நினைத்தாயா? சிரித்தார்கள். உன் ரத்தம் சரியில்லையடா. தக்காளிச் சாறு மாதிரி அப்படியே பளபளக்கிறது. ரத்தம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும், ஓரம் முதலில் காயும், நடு கடைசியில். துணி விறைத்துப்போய் மடிக்கும்போது நொறுங்கும். அதைத் துவைக்க வெந்நீர் ஊற்றினால் கறை நின்றுவிடும், பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் நான் இந்த வேலைக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை, ஒன்பது வயதிலேயே தெரியும்.

புத்தகம் என்னிடம் இல்லை. கரையான் தின்றிருக்கும். வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒருத்தி போன் செய்தாள். எனக்குத்தான் வலது காது செத்த காது ஆயிற்றே, அவசரத்தில் அதில் வைத்துக்கொண்டு 'சரி சரி' என்றேன். எதற்குச் சரி சொன்னேனோ தெரியாது. எதுவானாலும் எழுதச் சொல். நீ விடுதியில் இருந்த காலத்திலிருந்து நமக்கு எழுத்துதானே பழக்கம்.

அந்தப் பஞ்சு அடிக்கும் இடம் வேண்டாம். ஊரில் வேறு கொலை இல்லையா? தண்ணீரில் அமுக்கு, மரத்தில் தொங்கவிடு. உனக்கு அந்தக் கதை ஒரு நல்ல ஞாபகமாக இருக்கிறது. உன் ஐந்து வயதிலிருந்து மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை அப்படியே விட்டுவை. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பினால் அக்காவைக் குறை சொல்லக் கூடாது.

அந்த முதல் வரியையும் வேண்டாம் என்றே சொல்வேன். யாருக்கும் காணிக்கை போடாமல் எடுத்தால் படம் ஓடாதா?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

உன் ரத்தப் பாடத்துக்கு நன்றி. இப்போது எங்கள் ரத்தம் முறையாகக் காய்கிறது.

புத்தகத்தை நானே தேடிவிட்டேன். மூன்று நூலகம், ஒரு பழைய புத்தகக் கடை. ஐந்து பதிப்புகள் கிடைத்தன. அக்கா, எதிலும் பஞ்சே இல்லை! முள்ளம்பன்றி மெத்தைக்குள் காய்ந்த இலைகளைத்தான் அடைக்கிறது. அடிக்கவும் இல்லை, தாழ்ப்பாள் போடவும் இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது. வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறதே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காட்சி இதுதான்: கதாநாயகி மெத்தைக்குள் ஒளிந்திருப்பாள், அது தெரியாமல் முள்ளம்பன்றி தடியால் பஞ்சு அடிக்கும். சத்தம் சரியாக வரவேயில்லை. பஞ்சை அடித்தோம், ஈரப் போர்வையை அடித்தோம், மண் மூட்டையை அடித்தோம். ஒலிப்பதிவுக்காரர் 'இதுக்கு மேல என்னய்யா சத்தம் வேணும் உனக்கு' என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தெரியும், அது அந்தச் சத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை குண்டூசிக்குக் குறி தப்பிவிட்டது. தலைக்குள்ளிருந்து அவனுக்குப் பாதிதான் தெரியும். மெத்தையின் ஓரத்தில் விழ வேண்டிய தடி அவள் முதுகில் விழுந்தது. அவள் அலறினாள். சுற்றி நின்றவர்கள் நடிப்பு என்று நினைத்தார்கள்.

நான் நினைக்கவில்லை. எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அக்கா, அந்தச் சத்தம்தான். நான் இத்தனை நாள் தேடிய அதே சத்தம். கயிறு என் கையில் இருந்தது. நான் இழுக்கவில்லை. அவன் இன்னும் இரண்டு முறை அடித்தான். கையை நீட்டித் தடுக்கப் பார்த்தவளுடைய மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இழுத்தேன்.

குண்டூசி தலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அவள் முதுகில் இரண்டு தடம், ஒன்றில் தோல் கிழிந்திருந்தது. முட்களோடு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். 'ஏன் சார் இழுக்கல, ஏன் சார் இழுக்கல' என்று அதையே கேட்டான். கயிறு நழுவிவிட்டது என்று சொன்னேன்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். விபத்து என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒலிப்பதிவு மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது. எனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை.

உன் தம்பி


பிப்ரவரி 8

தம்பி,

கயிறு நழுவவில்லை. உன் கையில் இருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போ. விபத்து இல்லை, நான்தான் நிறுத்தவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். குண்டூசியிடமும் சொல். அந்தப் பாவி தன்னால்தான் ஆயிற்று என்று எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருப்பானோ. இதைச் செய்யாமல் எனக்கு அடுத்த கடிதம் எழுதாதே. உன்னை நான் வளர்த்த லட்சணமா இது?

பிறகு ஒன்று கேட்கிறேன், யோசித்து எழுது. அந்தக் கதை உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது? முதலிலிருந்து, வரிசையாக எழுது.

அவர் பெயரைப் படத்தில் போடாதே.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். சொன்னேன். கதாநாயகி கதவைத் திறந்து, கட்டுப் போடாத கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மிச்சத்தை நடிக்க வருகிறாளாம், ஆனால் இனிமேல் கயிறு அவள் கையில் இருக்குமாம். நியாயம்தான். குண்டூசியிடமும் சொன்னேன். என்னை 'சார்' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

நீ கேட்ட வரிசை. கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

என் ஒரு காது உன் மடியில் அழுந்தியிருக்கும். இன்னொரு காதில் உன் வாய். முதலில் தாழ்ப்பாள் விழும். குளிர் வராமல் முள்ளம்பன்றி குகையை மூடுகிறது என்பாய். அப்புறம் பஞ்சு அடிக்கும். தொப். 'இது கரடிக்கு.' தொப். 'இது நரிக்கு.' தொப். 'இது அணிலுக்கு.' அடிக்கு ஒரு மெத்தை. சில நாள் நாலு மிருகத்தோடு முடிந்துவிடும், எனக்கு ஏமாற்றமாக இருக்கும். சில நாள் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரும். பிறகு நிலா உருண்டு விழும், தட்டு உருள்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் மழை. பிறகு முள்ளம்பன்றி உட்கார்ந்து தைக்கத் தொடங்கும். தட தட தட தட. அது கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஒரு நாள் எவ்வளவு சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? மிருகமெல்லாம் தீர்ந்துபோய் நீ கொசுவுக்கு, மூட்டைப்பூச்சிக்கெல்லாம் மெத்தை தைத்தாய். மூட்டைப்பூச்சிக்கே மெத்தையா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். நீ என்மேல் போர்வையைப் போர்த்திவிட்டாய். கடைசியாக, ரொம்பப் பக்கத்தில் ஒரு அடி. 'இது அக்காவுக்கு' என்றாய். அன்றைக்குத் தையல் சத்தம் மட்டும் வேறு மாதிரி, என் காதுக்குள்ளேயே ஓடியது. எந்த மிஷினை வைத்து எடுத்தாலும் அது வரவில்லை. என்னிடம் இல்லாத ஒரே சத்தம் அதுதான்.

சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். ஏன் 'அவர்' என்கிறாய்? அப்பா என்று எழுத உனக்குக் கை வலிக்கிறதா? அம்மா குளியலறையில் விழுந்து செத்ததற்கு அவர் என்ன செய்வார்? உன்னைச் சித்தி வீட்டுக்கும் என்னை விடுதிக்கும் அனுப்பினார், வேறு என்ன செய்திருக்க முடியும், தனி ஆண்பிள்ளை? விடுதிக்கு மாதம் தவறாமல் வந்தார். என் முதல் காமிரா அவர் வாங்கித் தந்தது. இந்த இருபது வருஷத்தில் நீ ஒரு முறை வந்து பார்த்ததில்லை. எழுபத்தைந்து வயது மனிதர், நான் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'அக்கா எழுதினாளா?' என்று கேட்கிறார். உங்களை விசாரித்தாள் என்று நான் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். உனக்கு இவ்வளவு கல் நெஞ்சா?

உன் தம்பி


பிப்ரவரி 24

என் கண்ணே, தம்பி,

இதைப் பகலில் படி. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

அந்தக் கதையில் பஞ்சு இல்லை. நீ ஐந்து பதிப்பு தேடினாலும் ஐம்பது தேடினாலும் இருக்காது. அதை நான் கட்டினேன்.

தாழ்ப்பாள், அவர் வேலையிலிருந்து வந்து பக்கத்து அறைக் கதவைப் போடும் சத்தம். பஞ்சு இல்லை. அம்மா. உனக்கு மூன்று வயதானபோது 'அது என்னக்கா சத்தம்' என்று கேட்டாய். எனக்கு ஒன்பது வயது. அன்று சாயங்காலம் உனக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டியிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்: 'முள்ளம்பன்றி பஞ்சு அடிக்குது.' அடுத்த அடி விழுந்தது. 'இது கரடிக்கு' என்றேன். நீ கைதட்டினாய்.

அதிலிருந்து அடிக்கு ஒரு மிருகம். அம்மா பதில் பேசாத நாளில் காட்டில் கூட்டம் குறைவு. பேசிய நாளில் யானை வரும். நிலா விழுவது, ஏதாவது பாத்திரம் உருள்வது. மழை, அம்மா குழாயைத் திறந்து முகம் கழுவுவது. அப்புறம் வந்து தையல் மிஷினில் உட்காருவாள். ஊர்த் துணி தைத்துத்தானே நம் வீடு பாதி ஓடியது. தட தட சத்தம் கேட்டால், அம்மா எழுந்து நடமாடுகிறாள், இன்றைக்கு இவ்வளவுதான் என்று அர்த்தம். நீ தூங்குவாய். நான் எழுந்து போய்ப் புடவையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் போடுவேன்.

நீ சிரித்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இருபத்தாறு மிருகங்கள். எனக்குப் பெயர் தீர்ந்துவிட்டது, அதனால்தான் கொசுவும் மூட்டைப்பூச்சியும். நீ சிரித்தது பக்கத்து அறைக்குக் கேட்டுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் தடி. 'யார்ரா சிரிச்சது?' என்றார். உன்மேல் போர்வையைப் போட்டுவிட்டு 'நாந்தான்' என்றேன். தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வெறும் கையால் அடித்தார். வலது காதில். இருபத்தேழாவது மெத்தை எனக்கு. காய்ச்சலில் போன காது என்று உனக்குச் சொல்லியிருந்தேன்.

அவர் போன பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். குழாய் திறக்கவில்லை. நீ போர்வைக்குள்ளிருந்து 'இன்னும் தைக்கலையா, இன்னும் தைக்கலையா' என்று கேட்டுக்கொண்டேயிருந்தாய். உன் காதோரம் வாயை வைத்து நாக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டேன். நீ தூங்கும் வரை. தூங்கின பிறகும் நிறுத்தப் பயமாக இருந்தது, விடியும் வரை போட்டேன். உன்னிடம் இல்லாத அந்த ஒரு சத்தம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

காலையில் டாக்டர் வந்தார். அடித்த அதே கையை என் தோளில் வைத்துக்கொண்டு அவர் 'நீயே சொல்லும்மா' என்றார். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான்தான் சொன்னேன். பதினொரு வயது. அதற்குப் பிறகு நான் தைத்த ஒவ்வொரு துணியிலும் அந்த ஒரு பொய்யையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நீ மட்டும் நிம்மதியாக இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் படத்தில் அந்தப் பெண்ணின் முதுகில் விழுந்த சத்தத்தை நீ அடையாளம் கண்டுகொண்டாய் என்று படித்தபோது, நான் எதையும் மறைக்கவில்லை, உன் காதுக்குள் பத்திரமாக வைத்துவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று. அதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் வக்கீலுக்குத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: 'பஞ்சு அடிக்கும் பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை ஒன்பது வயது முதல் பதினொரு வயது வரை நான் கட்டினேன். படத்தில் பயன்படுத்த எனக்கு ஆட்சேபணை இல்லை.' கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போதுமா என்று கேள்.

அவரிடம் எதுவும் கேட்காதே. கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உன் அக்கா


மார்ச் 30

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. உன் கடிதத்தை நம்பவில்லை என்பதுதான் உண்மை. உனக்கு அவர்மேல் என்னவோ ஆத்திரம், அதில் கதை கட்டுகிறாய், கதை கட்டுவதுதான் உனக்குக் கைவந்த கலையாயிற்றே என்றெல்லாம் நினைத்தேன். நினைக்க முயற்சி செய்தேன்.

போன வியாழக்கிழமை காலை அப்பாவை, கிடங்கின் மூலையில் தொட்டிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் படத்தொகுப்பு அறைக்குக் கூட்டிவந்தேன். 'நம்ம படத்துல ஒரு சீன் பாருங்கப்பா' என்றேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். படத்தை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டேன். காத்திருந்தேன்.

தாழ்ப்பாள். பிறகு அடி. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. தட்டு உருண்டது, சுற்றிச் சுற்றி நின்றது. அதன் பிறகு நான் ஒரு இடைவெளி விட்டிருந்தேன். இருட்டில், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி அவர் சொன்னார்: 'இப்போ குழாயத் தொறப்பா.'

அதற்குப் பிறகுதான் அக்கா, தண்ணீர்ச் சத்தம் வந்தது.

விளக்கைப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார். 'அவ எழுதினாளா?' என்றார். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் எதற்காகக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

'அம்மாவ அடிச்சீங்களா?' என்றேன்.

'அந்தக் காலத்துல அடிக்காத வீடு எது? அவளும் வாய மூட மாட்டா. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? உங்கள நல்லா வளத்துட்டேன்ல?'

குண்டூசியின் தடி மூலையில் சாத்தியிருந்தது. எடுத்தது ஞாபகம் இருக்கிறது. முதல் அடி திரையில் விழுந்து கண்ணாடி சிதறியது. இரண்டாவது மேஜையில். மூன்றாவது அவர் தோளில். எலும்பு முறிந்தது என் கைக்குத் தெரிந்தது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார், நெற்றி கழுவுதொட்டி ஓரத்தில் இடித்து வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். நான் மறுபடியும் ஓங்கினேன். யார் கையிலும் கயிறு இல்லை. நிறுத்தியது எது தெரியுமா? அந்தச் சத்தம். என் கையிலிருந்தும் அதே சத்தம்தான் வந்தது, அக்கா. துளி வித்தியாசமில்லை.

நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது. நெற்றியில் ஒன்பது தையல். டாக்டர் என்னைப் பார்த்தபடி அவரிடம் 'எப்படி ஆச்சு?' என்று கேட்டார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.'

டாக்டர் என்னிடம் திரும்பி 'அப்படியா?' என்றார்.

தலையாட்டினேன்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

உன் கடிதத்தைத் துணி அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு இரண்டு மணி நேரம் போர்வை மடித்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார முடிந்தது.

உனக்கு ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அம்மாவுக்காக அடித்தாய் என்று நான் சந்தோஷப்படுவேன் என்று கூட உள்ளுக்குள் நினைத்திருக்கலாம். மறைப்பானேன், முதல் முறை படித்தபோது எனக்குள்ளும் ஒருத்தி 'இன்னும் ஒன்று போட்டிருக்கலாம்' என்றாள். அவளை நம்பக் கூடாது. அவளுக்கு இன்னும் பதினொரு வயதுதான்.

அந்தத் தலையாட்டலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் உன்னைக் காப்பாற்றவில்லை. என் தோளில் வைத்த கையை இப்போது உன் கையில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கு நீ அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டால் நாளைக்கு, அன்று டாக்டரிடம் நான் சொன்னதும் பொய் இல்லை என்றாகிவிடும். அம்மா உண்மையிலேயே வழுக்கி விழுந்தவளாகிவிடுவாள்.

டாக்டரிடம் போ. நான்தான் அடித்தேன் என்று சொல். போலீஸ் வரும், வழக்கு வரும், படம் நின்றாலும் நிற்கும். வரட்டும். நானும் திங்கட்கிழமை நம் பழைய ஊர்க் காவல் நிலையத்துக்குப் போகிறேன். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு இப்போது என்ன செய்ய முடியும் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு எழுதிக்கொள்ளட்டும். குழாய் திறக்காத அந்த இரவில் நடந்தது ஒரு தாளிலாவது இருக்க வேண்டும்.

நீ டாக்டரிடம் உண்மையைச் சொன்னால், வந்து உன் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து அந்தக் கடைசிச் சத்தத்தை நானே போட்டுத் தருகிறேன். நாக்கு இன்னும் மறக்கவில்லை, நேற்று போட்டுப் பார்த்தேன். சொல்லாவிட்டால் எனக்கு எழுதாதே. அது என்னோடேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

டாக்டர் முதலில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி எழுதினார். கட்டுப் போட்ட தோளோடு அவர் படுக்கையிலிருந்து 'இவன் உளர்றான், இவன் உளர்றான்' என்று கத்திக்கொண்டேயிருந்தார். காவல் நிலையத்தில் என்ன தொழில் என்று கேட்டார்கள். பேய்ப்படம் எடுக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'அப்ப வீட்லயே கதை இருக்குன்னு சொல்லுங்க' என்றார். ஒரு இரவு உள்ளே இருந்தேன். ஜாமீனுக்குக் குண்டூசிதான் வந்தான். வெளியே வந்ததும் 'சாப்டியா?' என்று மட்டும் கேட்டான்.

தயாரிப்பாளர் படத்தைக் கைவிடவில்லை, வழக்கு முடியட்டும் என்கிறார். முதல் வரியை எடுத்துவிட்டேன். அங்கே இப்போது 'பஞ்சு அடிக்கும் பகுதியை எழுதியவர்' என்று போட்டு உன் பெயர் வருகிறது. வக்கீலுக்கு உன் தாள் போதுமாம்.

படம் முழுக்கச் சேர்த்தாகிவிட்டது. இருபத்தேழாவது அடிக்குப் பிறகு மட்டும் ஒரு நிமிஷம் வெறுமையாக இருக்கிறது. அதில் வேறு எதையும் வைக்க எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலடிக்கு வருகிறேன். ஒலிப்பதிவு அறையில் உனக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. எனக்கு அதன் இடது பக்கம். உன் நல்ல காது இருக்கும் பக்கம்.

உன் தம்பி